ஆஸ்தா திருப்பி அனுப்பிய பதினான்கு பெட்டிகள்

பில்லுன் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் ஆஸ்தா உட்காரும் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அந்த நாற்காலி வெள்ளிக்கிழமையோடு கையை விட்டுப் போகுமா, இல்லை ஓய்வு பெறும்வரை அதிலேயே ஆடிக்கொண்டிருக்கலாமா என்பது மேலாளர் பிரேபென் எழுதப்போகும் ஒரு கடிதத்தில் இருந்தது. சோதனைக் காலம் மூன்று மாதம். அதில் மிச்சம் ஒரே நாள்.

அதற்கு முன் ஏழு வருஷம் அவள் கோல்டிங் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக இருந்தவள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீரில் தெரியும் தலைகளை எண்ண வேண்டும். ஒரு தலை குறைந்தால் குதித்துவிட வேண்டும். வேலையை விட்டபோது விசிலைத் திருப்பிக் கொடுத்தாள். எண்ணும் பழக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். காபிக்கு நின்றாலும் வரிசையை எண்ணுவாள். லித்தியம் பேட்டரி அனுப்புகிறவர்களின் தாள்களைச் சரிபார்க்க இப்படி ஒரு ஆள்தான் வேண்டும் என்று அவளை எடுத்தது பிரேபென். மூன்று மாதமாக அதற்காகத் தலையில் அடித்துக்கொள்வதும் பிரேபென்தான்.

அவள் மேசைப் பட்டியலில் ஐம்பது சொச்சம் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை'. ஒரே ஒரு 'இல்லை' விழுந்தால் போதும், சரக்கு மொத்தமும் வந்த வழியே திரும்ப வேண்டும். மற்றவர்கள் அந்த 'இல்லை'யை இரண்டு இருமல், மூன்று மன்னிப்போடு மெல்ல நகர்த்துவார்கள். ஆஸ்தா குளக்கரையில் நிற்பதுபோல் நின்று சொல்வாள். கொட்டகையின் மறுகோடியில் காது மந்தமானவருக்கும் கேட்கும்.

வியாழக்கிழமை மதியம். கறுப்பு ரொட்டியில் ஈரல் பூச்சைத் தடவிக் கடித்துக்கொண்டிருந்தபோது லாரிக்காரர் கய் பேலட் என்ற மரத்தட்டு நிறையப் பெட்டிகளோடு வந்தார். வெய்லெ ஊரில் தோர்கில் என்பவன் செய்யும் சக்கர நாற்காலி பேட்டரிகள். ஐந்து மணிச் சரக்கு விமானத்தில் ரெய்க்யாவிக் போக வேண்டும்.

ஓரமெல்லாம் சிவப்புக் கோடு போட்ட உறுதிமொழித் தாளை ஆஸ்தா விரல் வைத்துப் படித்தாள். பேட்டரி வகையின் எண் சரி. ஒரு பெட்டியின் எடை சரி. சார்ஜ் முப்பது சதவீதத்துக்கு மேல் இல்லை, அதுவும் சரி. பெட்டிகள் என்ற இடத்தில் அச்சிலிருந்த 12ஐ யாரோ பேனாவால் அடித்து 14 என்று எழுதியிருந்தார்கள். எழுந்து போய் பேலட்டை இரண்டு முறை எண்ணினாள்.

"பதினாலுதானே இருக்கு?" என்றார் கய். "அப்புறம் என்னம்மா?"

"பதினாலு இருக்கு. திருத்துன எடத்துல கையெழுத்து இல்ல. கீழ போட்டவரே இங்கயும் போட்டிருக்கணும். அதனால, இல்ல!"

மறுகோடியிலிருந்து பிரேபென் ஓடிவந்தான். பிரேபெனுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டான், குரலில் சர்க்கரை ஏறும். இப்போது பாகு பதத்துக்கு வந்திருந்தது.

"ஆஸ்தா, அடடா, ஒரு சின்னக் கிறுக்கலுக்கா இவ்வளவு? நீயே போட்டுடேன். தோர்கில் கையெழுத்து கோழி கிளறுன மாதிரிதான் இருக்கும்."

"அப்ப கோழிய வரச்சொல்லு. வந்து கிளறட்டும்."

கய் சிரிப்பை அடக்கக் காபிக் கோப்பையில் முகத்தைப் புதைத்தார்.

"இது இன்னைக்குப் பறக்கலைன்னா நாளைக்கு சொதப்பல் கேக் உன்னோடதுதான்," என்றான் பிரேபென். கொட்டகையில் யார் சொதப்பினாலும் வெள்ளிக்கிழமை வீட்டில் கேக் சுட்டு எல்லோருக்கும் கொண்டுவர வேண்டும். கேக்கை மேசையில் வைத்தாலே தப்பை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். "உன் கடுதாசியும் என் கம்ப்யூட்டர்ல பாதியில நிக்குது. என்ன எழுதறதுன்னு நீயே சொல்லு."

"உனக்குத் தோணுனதை எழுது. நாற்காலியையும் எடுத்துக்கோ, கால் ஆடுது, பாத்து உக்காரு. கேக் மட்டும் நான் சுட மாட்டேன்."

பட்டியலில் 'இல்லை'யை அவள் அழுத்திய அழுத்தில் அடுத்த தாளிலும் தடம் விழுந்தது. பிரேபென் தன் அறைக்குள் போனான். அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

ஆஸ்தா தோர்கிலைப் போனில் பிடித்தாள்.

"ஒரு கையெழுத்துக்கு முப்பது கிலோமீட்டரா?" என்று அவன் இரைந்தான். "நீ என்ன மகாராணியா?"

"மகாராணின்னா ஆள் அனுப்பியிருப்பேன். நான் ஆஸ்தா. நீயே வா."

மூன்றரை மணிக்கு வந்தான். சட்டையெல்லாம் பசை, முகமெல்லாம் கடுப்பு. பேனாவை எடுத்தான், தாளில் குனிந்தான், அப்படியே நின்றான்.

"பதினாலா? நான் கட்டுனது பன்னெண்டுதான். இது என் எழுத்தே இல்லையே!"

கய் தொண்டையைச் செருமினார். "நான்தான் மாத்துனேன். ஏத்தி முடிச்சு எண்ணுனா பதினாலு. தாள்ல பன்னெண்டு. இந்தப் பொண்ணு எண்ணும்னு தெரியும். நல்லது பண்ணலாமேன்னு..."

"எங்கேருந்து ஏத்துனீங்க?" என்றான் தோர்கில்.

"உன் பட்டறை வாசல்லேருந்துதான். கதவோரமா ரெண்டு பெட்டி இருந்துச்சே, மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

தோர்கில் பேலட்டைச் சுற்றி வந்து இரண்டு பெட்டிகளின் வரிசை எண்களைப் பார்த்தான். கடுப்பு வடிந்து முகம் வெளுத்தது.

"இது ரெண்டும் கெட்டுப்போய் திரும்பி வந்தது," என்றான் மெதுவாக. "உள்ள பேட்டரி உப்பிக் கெடக்கு. அழிக்கிற எடத்துக்கு அனுப்ப வெளிய வெச்சிருந்தேன்."

உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும், எந்தத் தாளோடும் பறக்கக் கூடாது. அறை வாசலுக்கு வந்திருந்த பிரேபெனுக்கும் அது தெரியும். ஒரு கிறுக்கல் விழுந்திருந்தால் இரண்டும் நேரே ஆகாயத்துக்குப் போயிருக்கும். ஆஸ்தா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். இரண்டு பெட்டிகளும் வெட்டவெளிச் சிமெண்டுத் தரைக்குப் போயின. தோர்கில் மிச்சம் பன்னிரண்டுக்குப் புதுத் தாள் எழுதி முடிப்பதற்குள் விமானம் போய்விட்டது.

"ஆனாலும் பறக்கல, பாத்தியா," என்றான் பிரேபென். சர்க்கரை கொஞ்சமும் இல்லாத குரல்.

"ஆமா. நான் பறக்கவிடலைல்ல?"

வெள்ளிக்கிழமை காலை ரொட்டி நேரத்தில் பிரேபென் ஒரு கேக்கைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தான். எல்லோரும் கத்தியைத் தேடினார்கள். ஆஸ்தா கையைக் குறுக்கே நீட்டினாள்.

"சொதப்புனது யாரு?"

"நான்தான்."

"ஆம். வீட்டுல சுட்டதா?"

பிரேபென் மூடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் கட்டைவிரலால் மறைத்தான்.

"இல்ல!" என்றாள் ஆஸ்தா, கோல்டிங் வரை கேட்கும்படி. "திருப்பி எடுத்துட்டுப் போ. திங்கக்கிழமை சுட்டுக் கொண்டா."

"திங்கக்கிழமை நீ இருப்பியான்னு மொதல்ல பாரு," என்று அவன் ஒரு கடிதத்தை நீட்டினான். நேற்று மதியம் அச்சடித்தது. 'பணி தொடர வேண்டியதில்லை' என்ற வரியைப் பேனாவால் அடித்து, மேலே 'தொடரலாம்' என்று எழுதியிருந்தான்.

ஆஸ்தா விரல் வைத்துப் படித்தாள். பிறகு கடிதத்தை அவன் பக்கமே தள்ளினாள்.

"திருத்தியிருக்க. பக்கத்துல கையெழுத்து எங்க?"

பிரேபென் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே போட்டான். கீழே உள்ளதையும் பக்கத்தில் உள்ளதையும் அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே கோழி கிளறியதுதான்.

"ஆம்," என்று சொல்லிவிட்டு, ஆடும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.