மரியம் விட்டுப்போன வாக்கியம்

டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்தினால் என் உதடுகள் தாமாக அசையத் தொடங்குகின்றன. பக்கத்துக் காரிலிருக்கும் டேனிஷ்காரர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வார். செபம் சொல்கிறேன் என்று நினைக்கிறாரோ, மூளை தட்டிவிட்டது என்று நினைக்கிறாரோ தெரியாது. நான் சொல்வது எனக்குத் தெரியாத மொழியில் ஒரு வாக்கியம்.

அது மரியத்தினுடையது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்த எரித்திரியாப் பெண். அவருடைய தாய்மொழி பிலின். அந்த நாட்டிலேயே ஒரு சிறிய கூட்டம்தான் அதைப் பேசுகிறது. மறதிநோய் அவருடைய டேனிஷை முதலில் கொண்டுபோனது. மொழிபெயர்க்க வந்தவர் அந்த நாட்டில் பலரும் பேசும் திக்ரின்யாவில் பேசிப் பார்த்தார்; அதுவும் போய்விட்டிருந்தது. கடைசி மூன்று நாளும் என் கையைப் பிடித்தபடி ஒரே வாக்கியத்தைச் சொன்னார். மகள் சாரா கோல்டிங் நகரிலிருந்து வந்து உட்கார்ந்தால் மட்டும் வாயே திறக்கமாட்டார். நான்காம் நாள் மத்தியானம் இறந்துபோனார்.

"அம்மா கடைசியாக என்ன சொன்னார்?" என்று சாரா டேனிஷில் கேட்டாள். இங்கே பிறந்த அவளுக்குப் பிலின் தெரியாது. உன் பெயரைத்தான் சொன்னார் என்று நான் சொல்லியிருக்கலாம், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? பொய் நாக்கு நுனிவரை வந்தது. விளங்கவில்லை, ஆனால் சத்தம் ஞாபகமிருக்கிறது என்றேன். பல வருடமாகப் பேச்சுவார்த்தையில்லாமல் சுவீடனில் இருக்கும் தாய்மாமனைத் தேடிப்பிடித்துப் பொருள் கேட்பதாகச் சொன்னாள்.

அதுவரை நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"செத்த மனுசியின்ர கதையை ஏன் காவிக்கொண்டு திரியிறீர்?" என்றார் என் கணவர்.

"நான் மறந்தா அந்தப் பிள்ளை இனி ஆரிட்டைக் கேக்கிறது?"

எனக்குப் பயமாகவும் இருந்தது. மரியத்தின் இழுவையும் மூச்சுவாங்கலும் சேர்ந்தே என் வாயில் வந்தன.

அம்மாவின் அறையைக் காலிசெய்ய வந்த ஞாயிற்றுக்கிழமை சாரா மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். மறுமுனையில் அவர் கடகடவென்று பிலினில் பேசத் தொடங்கினார். நான் சாராவைப் பார்த்தேன். இவர் தமிழ்ப் பெண், ஒன்றும் விளங்காது என்று சாரா சொன்னதும், தன் சகோதரியே பேசியது போலிருந்தது என்றார். பிறகுதான் சுவீடிஷ் கலந்த டேனிஷில் பொருளைச் சொன்னார்.

"அடுப்பில் பால் இருக்கிறது, நான் வரும்வரை பார்த்துக்கொள்."

சாரா சிரித்தாள், பிறகு அழுதாள். தொலைபேசியை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கள், எனக்கு" என்று கேட்டாள்.

அதே இழுவையோடு சொன்னேன். வெறும் கட்டிலைப் பார்த்தபடி, "யா, மோ" என்றாள். டேனிஷில் சரி அம்மா என்று அர்த்தம். வீட்டில் என் தமிழுக்கு என் மகள் சொல்லும் பதிலும் அதுதான். அந்த அறையில் நான் யாருடைய அம்மாவாக நின்றேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.