ஜெல்லில் அகப்பட்டது

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் சிவமலர் உதவியாளராக இருந்தாள். அவளுடைய குழு ஒருவகை ஜெல் மணிகளைச் சோதித்துக்கொண்டிருந்தது. ஊறிய சவ்வரிசி மாதிரி, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. இரத்தத்தில் கலந்தால், புற்றுநோய்க் கட்டி கசியவிடும் நுண்ணிய புரதங்களை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் இரத்தமும் வேண்டியிருந்தது. சிவமலர் தன் கணவர் விமலநாதனை அழைத்துப்போனாள். தளபாடக் களஞ்சியத்தில் வேலை செய்பவர். காய்ச்சலுக்குக்கூட விடுப்பு எடுக்காதவர்.

“எடும். ஆனா ஏதும் நோய் வருத்தம் தெரிஞ்சா எனக்குச் சொல்லாதையும்” என்று சிரித்தபடி சட்டைக்கையை மடித்தார்.

அவருடைய இரத்தம் இருந்த சோதனைக்குழாயில் அந்தப் புரதம் இருந்தது. மணிகள் பழுதாகியிருக்கும் என்று குழுத்தலைவி நினைத்தார். புதிய மணிகளிலும் அதே விடைதான். குழாய்களில் எண்கள் மட்டுமே உண்டு. அது யாருடையது என்பது, அந்த எண்ணை ஒட்டிய சிவமலருக்கு மட்டும்தான் தெரியும். அரைகுறைச் சோதனையை நம்பி யாரிடமும் நோயென்று சொல்லக்கூடாது என்பது அங்கே விதி.

கடைக்கு முன்னால், காரை நிறுத்தியதும் கணவரிடம் சொல்லிவிட்டாள்.

“நான் சொல்லாதையும் எண்டனான்.”

“ஓம். என்னால ஏலாமப் போச்சு.”

மருத்துவமனையில் எடுத்த ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை. வைத்தியர் கைகுலுக்கி அனுப்பினார். ஆனால் விமலநாதன் சாப்பிடும்போதும் வயிற்றைத் தடவத் தொடங்கினார்.

“உம்மட ஜெல்லை நம்பிறதோ, டொக்டர்மாரை நம்பிறதோ?”

இன்னொரு ஸ்கானுக்கு நாள் கேட்டாள்; காரணமில்லாமல் எடுக்க முடியாது என்றார்கள்.

குளிர்காலம் முடியும்போது அவருடைய கண்கள் மஞ்சளாகின. கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது. வெட்டி எடுக்கும் கட்டம் கடந்துவிட்டது.

குழுத்தலைவி மருத்துவமனைக்கு வந்து, தயங்கித் தயங்கி இன்னும் இரத்தம் கேட்டார். ஸ்கானுக்கு முன்பே ஜெல் நோயைக் கண்டுபிடித்தது விமலநாதனிடம் மட்டும்தான்.

“வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்று கணவரிடம் கோபமாகச் சொன்னாள் சிவமலர்.

விமலநாதன் கையை நீட்டினார். “மணி பொய் சொல்லேல்லை. அதையாவது எல்லாரும் அறியட்டும்.”

கோடையில் அவர் இறந்தார். உறைபெட்டியில் மிச்சமிருந்த அவருடைய இரத்த மாதிரிகளைத் தாங்கள் சோதிப்பதாகச் சக ஊழியர்கள் சொன்னார்கள். சிவமலர் விடவில்லை. நாள் வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தாள். ஒன்றைவிட அடுத்ததில் புரதம் கூடியிருந்தது. முடிவுகளைக் கொடுத்துவிட்டு வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டாள்.

இப்போது குடிதண்ணீரைச் சோதிக்கிறாள்.