ஐந்நூற்றொன்றில் குறைந்த பதினைந்து

ஜெர்மனியில் இருக்கும் தங்கையின் மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு. பாரிஸில் வேலை செய்யும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் பங்காக ஐந்நூற்றொரு யூரோவை வங்கி வழியாக அனுப்பினேன். இரண்டு நாளில் தங்கை போன் எடுத்தாள்.

"அண்ணை, நானூற்றி எண்பத்தாறுதான் வந்திருக்கு."

நல்ல காரியத்துக்குக் கொடுக்கும் காசு ஒன்றில் முடியவேண்டும் என்று தெரியாதவனா நான்?

"உன்ரை மனுசனைக் கேள். அவன்தான் எடுத்திருப்பான்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

பிறகு என் விசாவைப் புதுப்பிக்கும் அலுவலாக, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பெண்ணிடம் என் வங்கிக் கணக்கைக் காட்டினேன். அவள் அதையே உற்றுப் பார்த்தாள். இவளுக்கு என் காசில் என்ன கண் என்று நினைத்தேன்.

"அண்ணை, வெளிநாட்டுக் கட்டணமெண்டு வங்கி பதினைஞ்சு யூரோ வெட்டியிருக்கு. பிரான்ஸுக்குள்ளை அனுப்ப உங்களிட்டைக் காசு எடுக்கிறேல்லை. அப்ப ஜெர்மனிக்கு யூரோ அனுப்பவும் எடுக்கேலாது, அதுதான் சட்டம். காசைத் திருப்பித் தரச்சொல்லி வங்கிக்கு முறைப்பாடு எழுதுவம்."

எழுதியதற்கு அவள் ஒரு சதமும் வாங்கவில்லை. மூன்று கிழமையில் பதினைந்து யூரோவும், தவறுக்கு வருந்துவதாக ஒரு கடிதமும் வந்தன.

வங்கியே மன்னிப்புக் கேட்டுவிட்டது. நான்தான் இன்னும் மச்சானின் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.