ஏர் அடித்தால் சரியாகிவிடும்

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை செய்கிற ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்ததும் காற்றைப் பீய்ச்சுகிற ஏர் கன்னை எடுத்துத் தங்கள் மேலேயே அடித்துக்கொள்வார்கள். தலை, சட்டை, செருப்பு, சாப்பாட்டுப் பை எல்லாவற்றுக்கும் ஒரு ரவுண்டு. அப்படிச் செய்யக்கூடாது என்று சுவரில் போர்டு மாட்டியிருக்கும். அந்த போர்டில் தூசி படிந்தால் அதற்கும் ஏர் அடிப்பார்கள்.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான் வீட்டுக்கு வருவார். இரும்பு உருக்கி வார்க்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. மண்ணும் கரியும் பறந்துபோய், முடி மட்டும் நட்டுக்கொண்டு நிற்கும். ஏர் அடித்தால் போகாத அழுக்கு உலகத்திலேயே கிடையாது என்பது அவர் கட்சி. மிக்ஸி ஓடவில்லையா, ஏர் அடி. ரிமோட் அமுங்கவில்லையா, ஏர் அடி. கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு ஏர் கன்னை வீட்டுக்கே கொண்டுவந்து ஆணியில் மாட்டிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஷ்டா முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு, காரையும் எடுத்துக்கொண்டு, மணவாள நகரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் பஞ்சர் கடைக்குப் போவார். கடைக்காரர் அவருடைய சிநேகிதர். கம்ப்ரஸரை இலவசமாக விடுவார்.

கார் என்னுடையது. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு யாரும் சொல்வதில்லை. அதே எஸ்டேட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். அதை மூடியபோது எல்லோர் கையிலும் கொஞ்சம் கொடுத்து அனுப்பினார்கள். என் பங்கில் ஒரு பழைய டீசல் டாக்ஸி வாங்கினேன். ஆர்.சி. புக்கில் மட்டும் அவர் பெயர். "ஆம்பள பேர்ல இருந்தாத்தான்மே நாலு பேருகிட்ட பேச முடியும்" என்றார். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு டிரிப் கிடைத்தது. மணவாள நகரிலிருந்து நான்கு பெண்களைக் காலையில் கொண்டுபோய்விட்டு சாயங்காலம் திருப்பிக் கூட்டிவர வேண்டும். வெங்கல், பெரியபாளையம், புதுவாயல் வழி. ஓட்டுகிறவள் பொம்பளை என்று அந்த நான்கு பேருக்கும் கொண்டாட்டம். துப்பட்டாவை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். நான் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டுவேன். அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் எனக்கு மேலே யாரும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

வெயில் காலத்தில் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உடனே எடுக்காது, யோசித்து யோசித்து நகரும். புதுவாயலில் ஹைவேயில் ஏறும்போது பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் பரம்பரையையே திட்டுவான். கம்பெனி கேட்டில் ரேகை மெஷினில் லேட்டாகக் கை வைத்தால் பாதி நாள் சம்பளம் போச்சு. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான்கு பேருக்கும் அப்படிப் போனது. அவர்கள் என்னைக் குறை சொன்னதில்லை. டிரிப் கொடுக்கிற சூப்பர்வைசர்தான் சொன்னார். "இன்னொருக்கா லேட்டாச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவேம்மா. அப்பறம் என்னக் கேக்காத."

வீட்டுக்கு வந்து சொன்னால் வீட்டுக்காரரிடம் பதில் தயாராக இருந்தது.

"ஹாஃப் கிளட்ச்சுலயே ஓட்டிகினு இருந்தா வண்டி எப்டிமே இழுக்கும்? பொம்பளைங்க ஓட்டுனா இதான்."

பஞ்சர் கடைக்காரரும் ஹாஃப் கிளட்ச் என்றார். மாடி வீட்டுக்காரர், வண்டியே ஓட்டத் தெரியாதவர், அவரும் ஹாஃப் கிளட்ச் என்றார். திருவள்ளூர் மெக்கானிக் மட்டும் டர்போ போய்விட்டது என்று பெரிய வேலையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளட்ச்சிலிருந்து நான் காலை முழுசாக எடுக்கிறேனா இல்லையா என்று என் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தராவது பார்த்ததுண்டா?

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமைதான் வண்டி மோசமாக இருக்கும். வாரக் கடைசியில் கொஞ்சம் தேவலாம்.

சாயங்காலம் வரைக்கும் கும்மிடிப்பூண்டியில் சும்மா காத்துக்கிடக்கிறவள்தானே. பானெட்டைத் திறந்துவைத்து, போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் ரப்பர் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்வதுதான் அதன் வேலை. அது குறைத்துச் சொன்னால் இன்ஜினும் அதை நம்பி டீசலைக் குறைத்துக்கொள்ளும். அந்த சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு பார்க்கிங்கிலேயே ஒரு சுற்று ஓட்டினேன். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆனால் வண்டி துள்ளிக்கொண்டு போனது.

கோளாறு அதில்தான். ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே முடியை விட மெல்லிய கம்பி. அதன் மேல் பளபளவென்று எண்ணெய்ப் பிசுக்கு, பிசுக்கின் மேல் தூசி.

காற்று போகிற இடத்தில் எண்ணெய் எப்படி வந்தது? எனக்குச் சட்டென்று பழைய கம்பெனி ஞாபகம் வந்தது. எங்கள் டேபிளுக்கு வருகிற ஏர் லைனில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் தொங்கும். காலையில் போனதும் முதல் வேலையாக அதைத் திறந்து வடிக்க வேண்டும். காபி நிறத்தில் தண்ணீரும் எண்ணெயுமாகக் கொட்டும். அதை வடிக்காமல் ஏர் அடித்தால் அத்தனையும் பொருள் மேலேயே படியும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் அந்தக் கிண்ணமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த மனுஷன் ஃபில்டரை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் ஏர் கன்னை விட்டு, சென்சாரைப் பார்த்து நேராகவே அடித்துக்கொண்டிருந்தார். கூடவே என்னையும் திட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கென்றே ஒரு ஸ்பிரே இருக்கிறது. திருவள்ளூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கார்புரேட்டர் ஸ்பிரேயை எடுத்து நீட்டி, "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். ரெண்டும் ஒன்று இல்லை என்று நின்று, சென்சார் ஸ்பிரேயையே வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஞ்சர் கடைக்குப் போய் வந்து, சாப்பிட்டுப் படுத்தபின் நான் ஆரம்பித்தேன். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். சென்சாரைச் சாய்த்துப் பிடித்து ஸ்பிரே அடித்தால் அழுக்கு சொட்டுச் சொட்டாக இறங்கும். விரல் படக்கூடாது, துணி படக்கூடாது, வாயால்கூட ஊதக்கூடாது. நிழலில் தானாகக் காயவிட்டு, அதற்குள் ஃபில்டர் பெட்டியை ஈரத்துணியால் துடைத்து எடுத்து, சென்சாரைத் திரும்ப மாட்டினேன்.

அவர் எழுந்ததும் நடந்ததைச் சொன்னேன். இனிமேல் அதற்குள் ஏர் அடிக்க வேண்டாம் என்றேன்.

"காத்துல எங்கமே எண்ணெ வரும்? நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"அந்தக் கம்ப்ரஸர் அடியில தொறந்து பாருய்யா, தெரியும்."

அவர் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு நான் லீவு. வண்டிய நான் எடுக்கறேன். எங்க கோளாறுன்னு நான் பாக்கறேன்" என்றார். சுத்தம் செய்த வண்டி, அதனால் பறந்திருக்கிறது. ஷிஃப்டுக்கு முன்னாலேயே கேட்டில் போய் நின்றிருக்கிறார்கள். சூப்பர்வைசர் அன்றைக்கே எனக்குப் போன் போட்டார். "ஆம்பள கை பட்டதும் வண்டி எப்டி வருது பாத்தியாம்மா? இனிமே அவரே வரட்டும்."

"இல்லீங்க, அதுல எண்ணெ..." என்று நான் இழுத்தேன். போன் கட்டாகிவிட்டது.

அவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டார். உலைச் சூட்டில் இத்தனை வருஷம் நின்றவர்தான், ஏ.சி. காற்று வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது என் சீட். நான்கு பேரில் ஒருத்தி ஒருநாள் போன் செய்தாள். "யக்கா, நீ எப்பக்கா வருவ? உன் ஊட்டுக்காரு பேசிகினே வராருக்கா. கண்ண மூட முடில." சிரித்துவிட்டு, போனை வைத்தபின் அழுதேன்.

அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமைகள் மாறவில்லை. காலையில் அவர் ஏர் அடிப்பார். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குவார். நான் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஸ்பிரே டப்பாவை எடுத்துக்கொண்டு போய் சென்சாரைக் கழுவிக் காயவைத்து மாட்டிவிட்டு வருவேன். நாலு பெண்களுக்கும் சம்பளம் போகக்கூடாது என்றுதான் செய்தேன். வண்டியும் என்னுடையதாயிற்றே.

போன மாதம் பஞ்சர் கடைக்காரர் தன் மனைவியை டிரைவிங் வகுப்பில் சேர்க்கலாமா என்று இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பால் பாக்கெட்டோடு பின்னால் நின்றிருந்தேன்.

"வோணாம்பா. பொம்பள கையில குடுத்தா வண்டி நாசம்தான். என் ஊட்டுக்காரி ஓட்டி ஓட்டியே இன்ஜினப் போக்கிட்டா. நானா இருந்ததாலதான் தேத்திக் கொண்டாந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பானெட்டைத் திறக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் திறக்கவில்லை.

நேற்று சாயங்காலம் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். வண்டி இழுக்கவே இல்லையாம். இரண்டு நாள் லேட்டாம். இன்னொரு தடவை ஆனால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண்களுக்கு இரண்டு பாதி நாள் சம்பளம் போயிருக்கும். ஆனாலும் நான் அடுப்படியை விட்டு நகரவில்லை.

"இன்னாமே ஆச்சு இதுக்கு? வந்து கொஞ்சம் பாரேன்" என்றார்.

"ஹாஃப் கிளட்ச்சுலயே ஓட்டிகினு இருக்கியோ இன்னாவோ" என்றேன்.

அவர் ஆணியிலிருந்து ஏர் கன்னை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஸ்பிரே டப்பா அரிசி டிரம்முக்குப் பின்னால்தான் இருக்கிறது. என் சீட்டை விட்டு அவர் இறங்குகிற அன்றைக்கு எடுப்பேன்.