மீனம்மா சொன்னதும் முத்துலிங்கம் எழுதியதும்

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து மீனம்மாவைத் திருப்பி அனுப்பிய வாரம், அவள் புருஷன் முத்துலிங்கம் இறம்பொடைக் கடைவீதியில் ஹுசைன் நானாவின் கடையில் எழுதுவதற்கு ஒரு கொப்பி வாங்கினான். 1954, ஐப்பசி மழை. கொப்பி கேட்டது மீனம்மாதான்.

"நாகலெட்சுமிக்கு ரெண்டு வயசு. என் மொகமே அவளுக்கு நெனவிருக்காது. நான் சொல்றத எழுதி வைங்க. படிக்கிற வயசு வந்ததும் குடுங்க."

அவன் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனவன். வேலை விட்டு வந்ததும் பாய் ஓரமாக உட்காருவான். இருமல் விட்ட நேரத்தில் அவள் சொல்லுவாள். பட்டிப்பொலைப் பக்கம் ஒரு லயத்து வரிசை வீட்டில் பிறந்தது. பத்து வயதில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலையேறியது. அம்மா செத்த அன்று அழக்கூட நேரமில்லாமல் தம்பிகளுக்கு ரொட்டி சுட்டது.

"கல்யாணத்தன்னிக்கு ஒங்கள எனக்குப் புடிக்கல. மூக்கு பெருசா இருந்துச்சு. அதையும் எழுதுங்க."

சிரித்துக்கொண்டே எழுதினான்.

ஒன்பதாம் நாள் அவள் பேச்சு மூத்த பிள்ளையின் சாவுக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன், மூன்று வயதில் போனவன்.

"அன்னிக்குக் காலையில பெரியவனுக்கு ஒடம்பு நெருப்பா கொதிச்சிச்சு. நான் வேலைக்குப் போகலன்னேன். 'மூணு நாளா போகல, இன்னிக்கும் போகலன்னா பேர வெட்டிருவாங்க, போ'ன்னு நீங்க சொன்னீங்க. பிள்ளைக் காம்பராவுல பிள்ளைங்கள பாத்துக்குற ஆயாகிட்ட விட்டுட்டு மலைக்குப் போனேன். பத்து மணிக்கு ஆள் வந்து கூப்புட்டாங்க. நான் வந்தப்ப அவன் கண்ணத் தொறக்கல."

பென்சில் நின்றது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் முத்துலிங்கம் வேறு விதமாகச் சொல்லியிருந்தான். 'நான் வேணாம்னுதான் சொன்னேன், அவதான் கேக்காம போனா.' மீனம்மா அன்று மறுத்துப் பேசவில்லை. சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டிருந்தான்.

'பெரியவன் காய்ச்சலில் போய்விட்டான்' என்று மட்டும் எழுதினான்.

மறுநாள் அவள் வாசிக்கச் சொன்னாள். வாசித்தான்.

"அவ்வளவுதான் எழுதுனீங்களா?"

"அதெல்லாம் பிள்ளைக்கு எதுக்கு மீனா?"

"பெத்தவளே விட்டுட்டுப் போனான்னு லயமே என்னயத்தான் சொன்னுச்சு. எம்மக காதுலயும் ஒரு நாள் அது விழும். அதுக்காகத்தாங்க இந்தக் கொப்பியே."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"ஒங்கள வையணும்னு இல்ல. நானும்தான வெளிய கால எடுத்து வச்சேன்."

அவள் சொன்னபடியே, சொன்ன வார்த்தையிலேயே எழுதினான். கண்ணீர் மறைத்தது, இரண்டு இடத்தில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது. நாலாம் நாள் மீனம்மா போய்விட்டாள்.

பத்து வருஷம் கொப்பி தகரப் பெட்டியில் கிடந்தது. அந்த ஒரு தாளைக் கிழிக்க எத்தனையோ தடவை கை போனது. கிழிக்கவில்லை. நாகலெட்சுமிக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஒங்கம்மா ஒனக்குக் குடுக்கச் சொன்னது" என்று நீட்டினான். அவள் லயத்து வாசலில் உட்கார்ந்து படித்தாள். அவன் வீட்டுக்குப் பின்னால் போய், தேவையில்லாத விறகையெல்லாம் பிளந்துகொண்டிருந்தான்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் நாகலெட்சுமி கொப்பியோடு வந்து நின்றாள்.

"அப்பா, இதுல பெரியவன் பெரியவன்னுதான் இருக்கு. அண்ணன் பேரு என்ன?"

அந்தப் பெயரை அவன் உச்சரித்துப் பதினைந்து வருஷமாகியிருந்தது.

"மாயாண்டி."

அவள் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு அடுப்பை மூட்டி, அவனுக்குச் சோறு போட்டு வைத்தாள். இதுநாள் வரை இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அன்று தன் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள். முத்துலிங்கம் கூப்பிடவில்லை.