ரெண்டு ஓவருக்கு ஒரு ஆள்

ஷூ கம்பெனி கிரிக்கெட் டீமுக்கு மேனேஜராக இருப்பது, ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற நாளெல்லாம் மீதிப் பேரிடம் திட்டு வாங்கும் உத்தியோகம். டீம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். அதிலும் எங்களுடையது சின்ன கம்பெனி. ஆம்பூர் வட்டாரத்து நல்ல ஆட்டக்காரர்களைப் பெரிய கம்பெனிகள் வேலை கொடுத்து அள்ளிக்கொண்டு போய்விடும். எங்களுக்கு வருபவர்கள், அவர்கள் வேண்டாம் என்று கழித்தவர்கள்.

யூசுப் பாயின் ஆள்

கட்டிங் செக்‌ஷன் யூசுப் பாய் இடக்கை பேட்ஸ்மேன். வேகப்பந்து வந்தால் ஸ்டம்ப் பறக்கும். ஆனால் இடக்கை ஸ்பின் அவருக்கு லட்டு மாதிரி. "அந்த மாதிரி பவுலர் வந்தா மட்டும் உங்களை இறக்கறேன்" என்றேன். முகம் வாடிப்போனது. "நான் இன்னா, பாதி பேட்ஸ்மேனா சார்?" என்றார்.

வாணியம்பாடி டீமோடு ஆட்டம். அவர்களுடைய இடக்கை ஸ்பின்னர் எங்கள் ஆட்களை வரிசையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். யூசுப் பாயை இறக்கினேன். ஒரே ஓவரில் மூன்று சிக்ஸர். அவர்களின் கேப்டன் பதறிப்போய் வேகப்பந்து வீச்சாளரைக் கூப்பிட்டார். முதல் பந்திலேயே யூசுப் பாய் போல்ட். பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். "என் ஆள் போய்ட்டான் சார், எனக்கு மட்டும் அங்க இன்னா வேலை?"

மேரியின் புகார்

செல்வம் ஆலங்காயத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர். ஆஃப் ஸ்பின் போடுவார். வலக்கை பேட்ஸ்மேன்கள் அவரைத் துவைத்துக் காயப்போடுவார்கள் என்பதால், அவருக்குக் கிடைத்ததெல்லாம் தண்ணீர் கொண்டுபோகும் வேலை. தையல் பிரிவில் இருக்கும் அவர் மனைவி மேரி ஒருநாள் என்னை வழிமறித்தார். "ஆட வைங்க, இல்லன்னா வீட்டுக்கு அனுப்புங்க சார். புள்ளைங்க அப்பா மூஞ்சியப் பார்க்கறதே ஞாயித்துக்கிழமைதான்."

வலைப்பயிற்சியில் நின்று கவனித்தேன். இடக்கைக்காரர்கள் ஒருத்தராலும் செல்வத்தின் பந்தைத் தொட முடியவில்லை. அரையிறுதியில் யூசுப் பாய்க்குப் பதிலாக அவரைப் பதினோரு பேரில் சேர்த்தேன். எதிர் டீமின் இடக்கை ஓப்பனர் எல்லோரையும் வெளுத்தபோது, பந்தைச் செல்வத்திடம் கொடுக்கச் சொன்னேன். மூன்றாவது பந்தில் ஸ்லிப்பில் கேட்ச். அடுத்து வந்த இடக்கைக்காரரும் அப்படியே. திங்கட்கிழமை கேன்டீனில் மேரி, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இனிமே தண்ணிய வேற யாராவது தூக்கட்டும் சார்."

கேப்டன் கொடுத்த இடம்

அதுவரை இருவருக்கும் சேர்த்து டீமில் ஒரே இடம்தான். எதிரே யார் என்று பார்த்து ஒருவரை மட்டும் இறக்கினேன். ஃபைனலில் எதிர் டீமில் இடக்கை ஸ்பின்னரும் இருந்தார், இடக்கை ஓப்பனரும் இருந்தார். இருவருமே வேண்டும். யாரை நிறுத்துவது என்று தவித்தேன். கேப்டன் பிரபு ஷூவைக் கழற்றினான். "எனக்கு ஃபார்ம் இல்ல, என்னை டீம்லேர்ந்து எடுத்துடு" என்றான். பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு இருவர் பெயரையும் எழுதினேன்.

செல்வம் ஓப்பனரைத் தூக்கினார். யூசுப் பாய் ஸ்பின்னரை விரட்டினார். ஜெயித்தோம். எல்லோரும் சேர்ந்து பிரபுவைத்தான் தோளில் தூக்கினார்கள். மேலே இருந்தபடியே கத்தினான்: "நான் ஆடாததுலயே இதான் என் பெஸ்ட் மேட்ச்!"

இந்த வருஷமும் எங்கள் டீமில் நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவரும் கிடையாது. யாரைக் குறிவைப்பது என்ற கவலை இப்போது எதிர் டீம்களுக்குத்தான்.