எஸ்தர் டீச்சர் வகுப்பில் சொன்ன பதில்

1. கரும்பலகைப் பக்கம்

காலையில் இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ வகுப்பு லீடர் என் அறைக்கு ஓடி வந்தாள்.

"மேடம், எஸ்தர் டீச்சர் போர்டைப் பார்த்தே நிக்காங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்காங்க."

விக்கிரமசிங்கபுரத்தில், அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தலைமையாசிரியையாக இருந்தேன். மில் தொழிலாளர், பீடி சுற்றுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். எஸ்தர் கணக்கு டீச்சர். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எந்தப் பிள்ளை அழுதாலும் அவரிடம்தான் போகும். அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார், பரீட்சையை நினைத்தால் கை நடுங்குகிறது என்று மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் யாராவது ஒருத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகும். அதைப் பார்த்த நிர்வாகம், முழுப் பாடவேளையைக் குறைக்காமல், மாணவர் ஆலோசனைப் பொறுப்பையும் அவருக்கே கொடுத்திருந்தது.

நான் போனபோது வகுப்பில் சத்தமே இல்லை. பாதியில் நின்ற ஒரு கணக்கு. அதன்மேல் சாக்பீஸை வைத்தபடி எஸ்தர் அழுதுகொண்டிருந்தார். தோளில் கை வைத்தேன்.

"அடுத்த ஸ்டெப் தெரியல மேடம்" என்றார். "வருஷம் வருஷமா போடுத கணக்கு. தெரியவே இல்ல."

என் அறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தேன். பல வாரமாகத் தூக்கம் இல்லையாம். "கண்ணை மூடினா பிள்ளைங்க சொன்னதெல்லாம் கேக்கு மேடம். ஒண்ணுக்கும் என்னால ஒண்ணும் செய்ய முடியல."

2. ராஜினாமா

சாயங்காலத்துக்குள் சேதி பள்ளி நிர்வாகியான கரஸ்பாண்டென்ட் காதுக்குப் போய்விட்டது. கெட்ட மனிதர் அல்ல. ஆனால் பயந்திருந்தார்.

"ஹெச்.எம். அம்மா, பப்ளிக் எக்ஸாம் பக்கத்துல வந்துட்டு. கிறுக்குப் பிடிச்ச டீச்சர்னு ஊருக்குள்ள பேச்சு வந்தா எவன் பிள்ளைய சேப்பான்? பைய ஒரு ராஜினாமா எழுதி வாங்கிருங்க."

"டைபாய்டு வந்திருந்தா ராஜினாமா கேப்பியளா சார்?"

"அதும் இதும் ஒண்ணாம்மா?"

"எனக்குத் தெரியாது சார். டாக்டர்ட்ட கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

மறுநாள் எஸ்தரையும் அவர் கணவரையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநலப் பிரிவில் ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது கணவர் தலை நிமிரவே இல்லை. டாக்டர் சின்ன வயதுப் பெண். நிதானமாக எல்லாம் கேட்டார். மனச்சோர்வு, மருந்தும் ஆலோசனையும் ஓய்வும் இருந்தால் தேறிவிடுவார் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முழு பீரியடும் எடுத்துட்டு கவுன்சலிங்கும் இவங்கதானா மேடம்? இவங்களுக்கு ஸ்கூல்ல யாரு இருக்கா?"



டாக்டர் சீட்டைக் காட்டியதும் கரஸ்பாண்டென்ட் ராஜினாமாப் பேச்சை விட்டார்; மருத்துவ விடுப்பு கொடுத்தோம். "யாரும் கேட்டா வயித்து வலின்னு சொல்லிருவோம்" என்றார் கணவர். சரி என்றேன். எஸ்தரின் வகுப்புகளை நாங்கள் பங்கிட்டுக்கொண்டோம். பிள்ளைகளைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு கவுன்சலர் வந்து போக ஏற்பாடு செய்தேன். கவுன்சலர் உட்காரும் அறையின் பெயர்ப் பலகையில் மனநலம் என்ற வார்த்தை மட்டும் இருக்கக் கூடாது என்று சொல்லி கரஸ்பாண்டென்ட் சம்மதித்தார்.

3. திரும்பி வந்த நாள்

எஸ்தர் திரும்பி வந்த அன்று ஒரு துணைக்காக நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. வருகைப் பதிவு முடிவதற்குள் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், உங்களுக்கு என்ன செஞ்சுது?"

எஸ்தர் என்னைப் பார்த்தார். வயிற்று வலி என்று சொல்வார் என நினைத்தேன்.

"மனசுக்குச் சுகமில்லாம போச்சுட்டி" என்றார். "தூக்கமே இல்ல. எதுலயும் மனசு ஓடல. டாக்டர்ட்ட போனேன். இப்பவும் மாத்திரை சாப்பிடுதேன். கொஞ்சம் கொஞ்சமா சரியாவுது. சரி, கணக்கை எடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வாரமே இரண்டு பெற்றோர் வந்து, பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றச் சொன்னார்கள். கரஸ்பாண்டென்ட் போனில் சத்தம் போட்டார். எஸ்தர் சொன்னது சரிதானா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு மத்தியானம் அதே பிளஸ் டூ வகுப்பு முப்பிடாதி என் அறைக்கு வந்தாள். வகுப்பில் முதல் மார்க். எப்போதும் சிரித்த முகம். எஸ்தரிடம் ஒரு நாளும் அழுதுகொண்டு போனவள் அல்ல.

"மேடம், டீச்சர் போன டாக்டர்ட்ட என்னையும் கூட்டிட்டுப் போவியளா?"

உட்காரச் சொன்னேன். கையைப் பிசைந்தாள்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. விடியவே வேண்டாம்னு இருக்கு மேடம். ரொம்ப நாளா."

அவளைத் தனியே விடாமல் எஸ்தரையும் வரவழைத்து, அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பீடி சுற்றிக் கொடுக்கும் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தவர், "எம்பிள்ளைக்கு என்ன கிறுக்கா?" என்று கத்தினார். எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வந்ததுதான்க்கா இவளுக்கும் வந்திருக்கு. நான் இங்கன நிக்கேன் பாருங்க."

அந்த அம்மா எஸ்தரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதார். அன்றே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

முப்பிடாதி பரீட்சை எழுதினாள். முதல் மார்க் வரவில்லை. அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கவனிக்க வேண்டிய பிள்ளை யார் என்று நாங்கள் தேடிய தேடலில் முப்பிடாதி அகப்படவே இல்லை. எனக்குச் சுகமில்லை என்று ஒரு டீச்சர் வாய்விட்டுச் சொன்ன பிறகு, அவளாகத்தான் கதவைத் தட்டினாள்.